பரவாயில்லையை அளந்த மாணிக்கியாம்பா காருவுக்கு

கோதாவரிக் கரையில் பிறந்து, கோணலாய் ஓடும் இதயக் கோடுகளைக் கோணாத நெஞ்சோடு படித்த குணக்குன்றே! முப்பது மீட்டர் நடைக்கூடத்தை முப்பது தேசமாய் ஆண்ட முடிசூடா அரசியே! நின்றோரை நடக்கவைத்து, நடந்தோரின் அடிகளை எண்ணி, எண்ணியதை எழுதி, எழுதியதை இருமுறை சரிபார்த்து, சரிபார்த்த பின்பும் சந்தேகம் தீராத சான்றாண்மையே! ஒரு கையில் ஸ்டாப்வாட்சும் மறு கையில் காப்பி ஃபிளாஸ்க்குமாய் மூன்றாம் மாடியில் முழுநாளும் உலவிய முத்தே! இருதய ஆய்வுப் பிரிவின் முதுநிலைத் தொழில்நுட்பராய் இன்று பணிநிறைவு பெறும், திராட்சாராமம் ஈன்ற திருமதி மாணிக்கியாம்பா காரு அவர்களே!

தங்களோடு வேலை பார்த்தவர்களும், தங்களால் வேலை பார்க்க வைக்கப்பட்டவர்களுமாகிய நாங்கள், தலை தாழ்த்தித் தங்கள் திருமுன் வாசிக்கும் பாராட்டு மடல் இது.

வாசிக்கும் முன் சபைக்கு ஓர் அறிவிப்பு. வாசலருகே மேசைமேல் இருக்கும் ஃபிளாஸ்க்கை இந்த மடல் முடியும்வரை யாரும் திறக்கக் கூடாது. காரணம் தங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் போகப் போகத் தெரியும்.

அம்மையீர்! முப்பத்து நான்கு ஆண்டுகள்! தாங்கள் பணியில் சேர்ந்த நாளில் ஈசிஜி இயந்திரம் மேசையளவு இருந்தது. இன்று அது உள்ளங்கையளவு. மேசை மட்டும் அதே மேசை. அதை மாற்றித் தரும்படி தாங்கள் எழுதிய பதினான்கு கடிதங்களும் கோப்பில் மிகவும் பத்திரமாக உள்ளன. ஈசிஜி அறையில் இருபத்து மூன்று ஆண்டும் ஆய்வுப் பிரிவில் பதினோரு ஆண்டும் தாங்கள் எடுத்த விடுப்புகளை இம்மடலுக்காகக் கணக்கெடுக்க விரும்பினோம். எடுத்துப் பார்த்தோம். எங்கள் விடுப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிறகு இரண்டு பதிவேடுகளையும் மூடி வைத்தோம்.

தங்கள் ஆட்சியின் அழகை அறிய ஆறு நிமிட நடைச் சோதனை ஒன்றே போதும். இதயம் தளர்ந்தவர் ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்று அளக்கும் இச்சோதனையில், அளப்பவர் நிமிடத்துக்கு ஒரு வாக்கியம் மட்டுமே பேசலாம். அதுவும் அச்சில் உள்ள வாக்கியம். ஊக்கப்படுத்தக் கூடாது, உரையாடக் கூடாது. இந்த விதியை எழுதியவர் நம் ஜில்லாவுக்கு வந்ததில்லை என்பது உறுதி. இங்கே நடப்பவர் வாய் மூடி நடப்பதில்லை.

"அம்மா, உங்க பெரிய பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"

"நல்லா செய்யறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

"பொண்ணு எந்த ஊருங்க?"

"நல்லா செய்யறீங்க. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."

"மூணு நிமிஷத்துலயா முகூர்த்தம்! சொல்லவே இல்லையே!"

அப்போதும் தாங்கள் சிரித்ததில்லை. சோதனை முடிந்து, மீட்டரை எழுதி, கையொப்பமிட்டு, கதவைச் சாத்திய பிறகுதான் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இரண்டாம் மாடிக்குக் கேட்கும். அங்கிருந்து இதுவரை மூன்று புகார்கள் வந்துள்ளன.

இனி, மூன்றாண்டுகளுக்கு முன் இந்த மாடியில் தொடங்கிய ஆய்வுக்கு வருகிறோம். அதைத் தலைமை ஆய்வாளர் டாக்டர் தேஜோமூர்த்தி காரு நோயாளிகளுக்கு விளக்கும் விதமாகவே சொல்கிறோம். வேறு விதமாகச் சொன்னால் எங்களுக்கே புரிவதில்லை. கனமான பூந்தொட்டி ஒன்றை இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிறார்கள். ஒருவர் முந்தித் தூக்க, மற்றவர் பிந்தித் தூக்கினால் தொட்டி சாயும், மண் கொட்டும், இருவருக்கும் இடுப்பு பிடிக்கும். இதயத்தின் இடப்பக்கத்துக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் மின்கிளை அடைபட்டால் நடப்பதும் அதுவே. வலம் முந்தும், இடம் பிந்தும், இதயம் களைத்து வீங்கும், மனிதருக்கு மூச்சு வாங்கும். வழக்கமான பேஸ்மேக்கர் இரு பக்கமும் கம்பி வைத்து இருபுறமிருந்தும் தூண்டும். புதிய முறையோ ஒற்றைக் கம்பியை இதயத்தின் நடுச்சுவருக்குள் ஆழத் திருகி, அடைப்பைத் தாண்டி, இதயம் பிறவியிலேயே தனக்கென்று போட்டுவைத்த பாதையைத் தொட்டு, துடிப்பை அதன் வழியாகவே அனுப்பும்.

இரண்டில் எது மேல்? இதுதான் கேள்வி. இதற்கு விடை தேடும் ஒன்பது மருத்துவமனைகளில் நாமும் ஒன்று. யாருக்கு எந்த முறை என்று கணினி சீட்டுக் குலுக்கிச் சொல்லும். நோயாளிக்கு அது தெரியாது. அவரைச் சோதிக்கும் தங்களுக்கும் தெரியக் கூடாது. டாக்டருக்குத் தெரியும், ஆனால் அவர் முகத்தில் காட்டக் கூடாது. மூன்றாண்டு முயற்சியில் டாக்டர் முகத்தை அப்படியே பழக்கிவிட்டார். வீட்டில் மீன் புலுசுக் குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் அதே முகம்தான் என்று அவருடைய துணைவியார் நமக்குத் தொலைபேசியில் தெரிவித்திருக்கிறார்.

விருந்தோம்பலின் விளக்கே! வினாத்தாளின் வித்தகியே! இப்போது அந்த வினாத்தாள்.

இருபத்தோரு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண். பூஜ்யம் என்றால் நலம், ஐந்து என்றால் மிகத் துன்பம். அச்சிட்டபடி வாசிக்க வேண்டும். நோயாளியே பதில் சொல்ல வேண்டும், வீட்டார் வாய் திறக்கக் கூடாது. எல்லாக் கேள்விகளும் சிரமம் என்ற ஒரே சொல்லைச் சுற்றி வரும்: "சென்ற மாதம் தங்கள் இதயம் தங்களுக்குச் சிரமம் கொடுத்ததா?" மாடி ஏறச் சிரமமா, உறங்கச் சிரமமா, உழைக்கச் சிரமமா. ஹைதராபாத்தில் யாரோ மொழிபெயர்த்தது. அங்கே சிரமம் என்பது நோயாக இருக்கலாம். நம் ஜில்லாவில் அது வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியைக் கேட்கும் சொல். வழியில் ஏதாவது சிரமமா என்று கேட்டால், படகு கவிழ்ந்து நீந்தி வந்தவரும் வேட்டியைப் பிழிந்துகொண்டே ஒரு சிரமமும் இல்லை என்பார்.

போதாக்குறைக்குத் தாங்கள் கேள்விக்கு முன் காப்பி கொடுத்தீர்கள். நெடுந்தூரம் வந்தவர்கள், பாவம் என்று தங்கள் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த காப்பி. நுரை தளும்பும் அந்த டம்ளர் கையில் இருக்க, கடியத்தில் செடி நர்சரி வைத்திருக்கும் கர்ரி வீர்ராஜு காரு தங்கள் எதிரே அமர்ந்த காட்சியை இந்த மாடி மறக்காது. அவருடைய இதயம் தன்னுள் நிரம்பும் ரத்தத்தில் கால்வாசிக்குச் சற்றே கூடுதலாகத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. ஆய்வில் சேர வந்திருந்தார்.

"போன மாசம் உங்க இதயம் உங்களுக்கு ஏதாவது சிரமம் குடுத்துச்சுங்களா?"

"ஐயோ, என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! ஒரு சிரமமும் இல்லங்க."

"மாடிப்படி ஏறறதுக்கு?"

"ஆய், பரவால்லங்க." நம் ஜில்லாவில் ஆமாம் என்பதற்கு ஆய்தானே.

"படுத்துத் தூங்கறதுக்கு?"

"பரவால்லங்க. காப்பி அருமைங்க. பால் யாரு ஊத்தறாங்க?"

பின்னால் நின்ற அவருடைய மனைவி பாப்பாயம்மா காரு மேற்கூரையைப் பார்த்தார். வாய் திறக்கக் கூடாதே. அறையை விட்டு வெளியே போய், நடைக்கூடத்தில் கேட்பவருக்கெல்லாம் சொன்னார்: "இந்த மனுஷன் செத்தா எமனே நேர்ல வந்தாலும், 'வாங்க, உக்காருங்க, வழியில சிரமம் ஒண்ணும் இல்லையே'ன்னு கேட்டுட்டுத்தான் கூடப் போவாரு."

வீர்ராஜு காருவின் மொத்த மதிப்பெண் நூற்றைந்துக்கு மூன்று. அந்த மூன்றும், முந்தின மாதம் எருமை தொலைந்ததால் வந்த கவலையாம்.

மொத்தம் முப்பத்தெட்டுப் படிவங்கள், பெரும்பாலும் இப்படியே. நான்கு, ஆறு, பூஜ்யம், இரண்டு. தாங்கள் எழுதியதில் ஒரு எழுத்தும் பிழையில்லை, சொன்னது சொன்னபடி. மும்பை மையத்தில் அறுபதும் எழுபதுமாய் வந்தது. மும்பையில் இதயங்கள் தளர்ந்துகொண்டிருந்தன. ராஜமுந்திரியில் இதயங்கள் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

பிறகு ஆய்வைக் கண்காணிக்கும் குழுவிலிருந்து கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். உங்கள் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நோயின் தொல்லை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நலமானவர்களுக்குக் கருவி பொருத்துகிறீர்களா, அல்லது கேள்விகளை முறையாகக் கேட்கவில்லையா? நாற்பத்தைந்து நாளில் விளக்கம் வேண்டும். வராவிட்டால் இம்மையம் மூடப்படும். அதுவரை புதியவர் எவரையும் சேர்க்கலாகாது. ஆய்வுக்கென்று வந்த பதினொரு பேஸ்மேக்கர்கள் அலமாரியில் இருந்தன. மையம் மூடினால் அவை திரும்பிப் போகும். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் கர்ரி வீர்ராஜு. வேறு வழியில் அவருக்குக் கருவி கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்று டாக்டரைக் கேட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு எதுவும் இல்லாத கண்ணாடி. மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

நுண்ணறிவின் நுதலே! நாங்கள் எல்லாரும் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, தாங்கள் மட்டும் ஜன்னலைப் பார்த்தீர்கள்.

ஜன்னல் விளிம்பில் வீர்ராஜு காரு கொண்டுவந்த செடிகள் வரிசையாக இருந்தன. வெறுங்கையோடு வரும் பழக்கம் அவருக்கு இல்லை. டாக்டரைப் பார்க்க முதல் முறை வந்தபோது பெரிய மண்தொட்டியில் செம்பருத்தி. தோளில் வைத்து மூன்று மாடியும் தாமே ஏறிக் கொண்டுவந்தார். லிஃப்டில் ஏறினால் வயதாகிவிட்டது என்று நினைப்பார்களாம். இரண்டாம் முறை சின்னத் தொட்டியில் ரோஜா. மூன்றாம் முறை பிளாஸ்டிக் பையில் கறிவேப்பிலை நாற்று. நான்காம் முறை லிஃப்டில் வந்தார். வாழையிலையில் நாலு மல்லிகை மொட்டு மடித்துக் கொண்டுவந்தார். நான்கு முறையும் சொன்ன பதில் பரவாயில்லை.

"இந்தத் தொட்டிங்க பொய் சொல்லல. படிவம்தான் பொய் சொல்லுது" என்றீர்கள். உடனே முப்பத்தெட்டுப் படிவங்களையும் மேசைமேல் பரப்பினீர்கள். அவற்றில் ஆறு படிவங்கள் மட்டும் வேறு விதமாக இருந்தன: ஐம்பத்தைந்து, அறுபத்தொன்று, நாற்பத்தெட்டு. ஆறும் ஒரே வாரத்தில் எழுதப்பட்டவை. அந்த வாரம் என்ன நடந்தது? பனி அதிகம் என்றார் ஒருவர். கார்த்திகை விரதம் என்றார் இன்னொருவர். தேர்தல் என்றது பதிவேட்டுப் பிரிவு. அவர்கள் எதற்கும் அதைத்தான் சொல்வார்கள். தாங்கள் மேசை நாட்காட்டியைப் புரட்டினீர்கள். திங்கட்கிழமையில் தங்கள் கையெழுத்தில், 'ஃபிளாஸ்க் உடைந்தது.' அடுத்த திங்களில், 'புது ஃபிளாஸ்க்.'

அப்போது தங்கள் முகம் போன போக்கை இங்கே எழுத எங்களுக்குச் சொல் போதவில்லை. நேராக டாக்டரின் அறைக்குப் போனீர்கள்.

"சார், தப்பு என் காப்பிலதான்."

"என்னம்மா சொல்றீங்க, காப்பியா?"

"ஆய், காப்பிதான். என் கையால காப்பிய வாங்கிக் குடிச்சிட்டு, என் எதிர்லயே உக்காந்து யாரு சார் குறை சொல்வாங்க? நம்ம ஊர்ல நடக்குமா? நீங்க சொல்வீங்களா?"

"நான்கூட ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன், உங்க காப்பில சக்கரை கொஞ்சம் ஜாஸ்திம்மா."

"ஏன் சார் சொல்லல?"

"பரவால்லன்னு விட்டுட்டேன்."

இதைவிடப் பெரிய நிரூபணம் மருத்துவ உலகில் அரிது.

அம்மையீர்! அன்று மாலைக்குள் எங்களில் பலர் தங்களுக்கு ஒரு நல்ல வழி சொன்னோம். பழியை மொழிபெயர்ப்பின்மேல் போடுங்கள், சிரமம் என்ற சொல்லே தவறு என்று எழுதுங்கள், அதுவும் உண்மைதானே, காப்பியை யார் பார்த்தார்கள்? தாங்கள் கேட்டுக்கொண்டீர்கள். "சொல்லு பாதி, காப்பி பாதி. சொல்லோட பாதிய நீங்க எழுதுங்க. என் பாதிய நான் எழுதறேன்" என்றீர்கள். எழுதினீர்கள். நாள், நேரம், டம்ளரின் அளவு, யார் யாருக்கு எத்தனை டம்ளர், அனைத்தும். 'விதிமீறியவர்' என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளில் தங்கள் கோப்பில் ஏறிய ஒரே கரும்புள்ளி அது. அதைத் தாங்களே விண்ணப்பித்து வாங்கிக்கொண்டீர்கள். மெய்யுரைக்க அஞ்சாத மேன்மையே! அந்த அறிக்கையின் நகலை எங்களில் சிலர் வீட்டில் வைத்திருக்கிறோம். ஏன் என்று கேட்காதீர்கள்.

பழைய படிவங்களில் ஒரு எண்ணைக்கூடத் திருத்தத் தாங்கள் விடவில்லை. காத்திருப்போரிடம் மட்டும் மறுபடி கேட்போம், காப்பி இல்லாமல், அதே கேள்வி அதே சொல்லில் என்று குழுவுக்கு எழுதி, அனுமதியும் பெற்றீர்கள். கெடு முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. முதலில் வந்தவர் வீர்ராஜு காரு. அமர்ந்தார். மேசையைப் பார்த்தார். டம்ளர் இல்லை.

"ஃபிளாஸ்க் உடஞ்சிடுச்சுங்களா?"

"இல்லங்க. போன மாசம் உங்க இதயம் உங்களுக்கு ஏதாவது சிரமம் குடுத்துச்சுங்களா?"

"என்மேல ஏதாவது கோபமாங்க?"

"இல்லங்க. போன மாசம் உங்க இதயம்..."

"செடி ஏதாச்சும் பட்டுப்போச்சா?"

"இல்லங்க. போன மாசம்..."

மூன்றாம் முறையும் அதே குரல், அதே வேகம். விருந்தாளியாய் இருந்தவர் விருந்தாளியாய் இல்லாமல் போன கணத்தை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

"சிரமமான்னா கேக்கறீங்க? மூணாவது படியில மூச்சு நின்னுடுதுங்க. மூணு தலகாணி வெச்சுச் சாஞ்சாத்தான் கண்ணு அசருது. செருப்பு மாட்டக் குனிஞ்சா உலகமே இருட்டுது. பதியம் போட உக்காந்தா எழுந்திருக்க இவ கை குடுக்கணும். பேரன் தூக்குங்கறான், தூக்க முடியலன்னு சொல்ல வெக்கமா இருக்கு, அவன்கிட்ட சண்டை போட்ட மாதிரி நடிக்கறேன். இவ்வளவு தூரம் இதயத்தத் தூக்கிட்டு வந்தா, ஒரு வாய் காப்பிகூடக் கெடையாதா!"

பாப்பாயம்மா காரு வாய் திறக்கவில்லை. விதியை மதித்தார். முந்தானையை மட்டும் வாயில் வைத்துக்கொண்டார்.

தாங்கள் இருபத்தோரு கேள்வியும் வாசித்தீர்கள். மொத்தம் எழுபத்திரண்டு. எழுதுவதைப் பார்த்த வீர்ராஜு காரு பதறிப்போனார்: "ஐயோ, இதெல்லாம் எழுதிட்டீங்களா? டாக்டர் மனசு கஷ்டப்படுமேங்க!" தாங்கள் கையொப்பமிட்டு, பேனாவை மூடி, மேசைக்கு அடியிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, இரண்டு டம்ளர் காப்பி ஊற்றி இருவருக்கும் கொடுத்தீர்கள். பிறகு ஈசிஜி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். இரண்டாம் மாடியிலிருந்து அன்று புகார் எதுவும் வரவில்லை.

நாற்பத்தோராம் நாள் குழுவின் பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, மையம் தொடரலாம், அறிக்கை அளித்தவரின் நேர்மையைக் குழு குறித்துக்கொள்கிறது. கடைசி வரியில், இனி எல்லா மையங்களிலும் சிற்றுண்டியும் பானமும் வினாத்தாள் முடிந்த பின்னரே வழங்கப்பட வேண்டும் என்றிருந்தது. ஆகவே இன்று மும்பையில் தேநீர் தாமதமாகிறது என்றால் அதற்குக் காரணம் தாங்கள். ஒன்பது மருத்துவமனைகளின் விதிப்புத்தகத்தில் பெயர் சொல்லாமல் தங்கள் ஃபிளாஸ்க் இடம் பிடித்திருக்கிறது.

அலமாரியில் இருந்த பதினொன்றில் முதலாவது வீர்ராஜு காருவின் தோள்பட்டைக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. அவருக்கு எந்த முறை விழுந்தது? தங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியாது. டாக்டரின் முகத்தைப் பார்த்தோம். அதில் மீன் புலுசுகூடத் தெரியவில்லை. மூன்றாம் மாதம் அவர் கொண்டுவந்தது கையகலத் தொட்டியில் துளசி. ஆறாம் மாதம் ரோஜா. ஓராண்டு ஆனபோது லிஃப்ட் பழுதாகியிருந்தது. கீழிருந்து யாரோ ஏறும் சத்தம் கேட்டு நாங்கள் எட்டிப் பார்த்தால், சிமெண்ட் தொட்டியில் ஒட்டு மாங்கன்றோடு அவர் இரண்டாம் மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தார். பின்னால் பாப்பாயம்மா காரு திட்டிக்கொண்டே வந்தார். தாங்கள் ஓடிப்போய்த் தொட்டியைப் பிடுங்கி, அவரை உட்காரவைத்து, காப்பிக்கு முன் இருபத்தோரு கேள்வியும் கேட்டீர்கள். மொத்தம் பதினொன்று. அதில் இரண்டு எருமைக்கு.

ஜன்னல் விளிம்பில், 'இச்செடிகள் ஆய்வுத் தரவு அல்ல' என்று தாங்களே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். சரிதான். ஒரு மாங்கன்றை வைத்து எந்த முறை மேல் என்று யாரும் சொல்ல முடியாது. செடி கொண்டுவராதவர்களும் உண்டு. இருவர் திரும்பி வரவே இல்லை. அவர்களுடைய படிவங்களையும் அதே தெளிவான கையெழுத்தில் முடித்து, அன்றைய நாள் காப்பி போடாமல் இருந்தீர்கள். யாருக்கு எந்த முறை என்ற ரகசிய உறை அடுத்த ஆண்டுதான் பிரிக்கப்படும். பிரிக்கும் நாளில் தாங்கள் இந்த மாடியில் இருக்க மாட்டீர்கள். ஆனால் அன்று எந்த எண் வெளிவந்தாலும் அதை நம்பலாம். இந்த ஊர் இதயங்கள் தம் வாயாலேயே சொன்ன எண் அது. புதிய முறை பழைய முறையைவிட நல்லதாக இருக்கும் என்று நாங்கள் ஆசைப்படுகிறோம். ஆசைப்படுவதற்கு விதியில் தடை இல்லை, கேட்டுவிட்டோம்.

அளக்கவொண்ணாததை அளந்த அருந்திறலே! இன்னும் ஒன்று உண்டு. தங்கள் மேசை இழுப்பறையில், ஆய்வுக்கு அப்பாற்பட்ட நீலக் குறிப்பேடு ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியும். மன்னிக்கவும், படித்துவிட்டோம். வெளி நோயாளிகளில் யாரை டாக்டர் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, நம் ஊர்ப் பரவாயில்லைகளுக்குத் தாங்கள் மதிப்பெண் இட்டிருக்கிறீர்கள். கண்ணைப் பார்த்துச் சட்டென்று சொல்லும் பரவாயில்லை பூஜ்யம். பெருமூச்சோடு வருவது இரண்டு. உடனே நம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால் மூன்று; காப்பியைப் புகழ்ந்தால் நான்கு. ஐந்துக்கு மட்டும் தாங்கள் மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள்: 'கீழே பார்ப்பார். கை எதையாவது பிடித்திருக்கும். ஒரே முறை, மெதுவாகச் சொல்வார்.'

சென்ற மாதம் தங்கள் பணிநிறைவு ஆணை வந்தபோது, எப்படி இருக்கிறது மேடம் என்று நாங்கள் கேட்டோம். "பரவால்ல" என்றீர்கள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். வலது கை அந்தப் பழைய மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது. மறுமுறை சொல்லவில்லை.

நாங்கள் குறிப்பேட்டைத் திறந்து சரிபார்த்தோம். இருமுறை. தாங்கள் கற்றுக்கொடுத்த வழக்கம் அது.

ஆகவே, இம்மடலை முடிக்கும் முன் தங்களிடம் ஒரு கேள்வி. அச்சிட்டபடி வாசிக்கிறோம். வீட்டார் பதில் சொல்லக் கூடாது; முன்வரிசையில் மாங்கன்றுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் வீர்ராஜு காருவும் பாப்பாயம்மா காருவும்கூட. முப்பத்து நான்கு ஆண்டுகளில் நாங்கள் தங்களுக்குக் கொடுத்த சிரமம் எவ்வளவு? எங்களை விட்டுப் போவது தங்களுக்கு எவ்வளவு சிரமம்? பரவாயில்லை என்ற பதில் ஏற்கப்படாது. எங்களைக் கேட்டால், இருபத்தோரு கேள்விக்கும் ஐந்து.

தங்கள் இதயம் பிறவியில் போட்டுவைத்த பாதையிலேயே நூறாண்டு துடிக்கட்டும்! வலமும் இடமும் ஒருங்கே எழட்டும்! முழங்கால் முனகாமல், மூச்சு முட்டாமல், தாங்கள் நாள்தோறும் கோதாவரிக் கரையில் ஆறு நிமிடம் அல்ல, ஆசை தீர நடக்க வேண்டும். வழியில் எல்லாரோடும் எல்லாம் பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

தாங்கள் பதில் சொன்னதும் ஃபிளாஸ்க் திறக்கப்படும். இன்றைய காப்பி நாங்கள் போட்டது. சர்க்கரை குறைவு, டாக்டர் இந்த முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

இங்ஙனம்,
தங்கள் சிரிப்புக்கு இனி ஏங்கும்
மூன்றாம் மாடி இருதய ஆய்வுப் பிரிவினர் அனைவரும்
(மூன்று புகார்களையும் திரும்பப் பெற்ற இரண்டாம் மாடியினர் உட்பட)
ராஜமுந்திரி